வல்லரசுகள் ஒன்றையொன்று நம்பாமலே போரைத் தவிர்க்க முடியுமா?

கேள்வி இது: "அமெரிக்காவும் சீனாவும் ஒன்றையொன்று துளியும் நம்புவதில்லை. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலும் அதே கதைதான். ஐ.நா. சபையால் எதையும் தடுக்க முடியவில்லை. பெரும்போர் வராமல் பார்த்துக்கொள்ள உண்மையில் ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா, இல்லை அதிர்ஷ்டத்தை நம்பித்தான் காலத்தை ஓட்டுகிறோமா?"

அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏற்பாடும் இருக்கிறது. அது நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டதல்ல என்பதுதான் பலருக்கும் புரியாத இடம்.

பேச்சுவார்த்தை அறுந்துபோன பங்காளிகளை ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கும் போகமாட்டார்கள், கருமாதிக்கும் போகமாட்டார்கள். கோர்ட்டில் வழக்கு இருபது வருடமாக நடக்கும். ஆனால் வாய்க்கால் தண்ணீர் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்கிற முறை மட்டும் தவறாது. தவறினால் இரண்டு பேர் பயிரும் காயும் என்று இருவருக்கும் தெரியும். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் 1962க்குப் பிறகு கட்டிக்கொண்டது ஏறக்குறைய இப்படி ஒரு முறைதான். அதை அவர்கள் தொலைநோக்கோடு யோசித்துச் செய்யவில்லை. பயந்துபோய்ச் செய்தார்கள்.

அந்தப் பயம் கியூபாவில் வந்தது. 1962 அக்டோபர் 14 அன்று யூ-2 உளவு விமானம் எடுத்த படங்களில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன. 16ஆம் தேதி அதிபர் கென்னடியிடம் காட்டினார்கள். 22ஆம் தேதி அவர் தொலைக்காட்சியில் அறிவித்தார், 24 முதல் கடலில் தடுப்பு வளையம். 28ஆம் தேதி சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இதுவரை பள்ளிப்பாடத்திலேயே இருக்கிறது. நான் பார்க்கச் சொல்வது 27ஆம் தேதி சனிக்கிழமையை.

அன்று ஒரே நாளில் மூன்று விஷயங்கள் நடந்தன. கியூபாவின் மேல் பறந்த யூ-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அதன் விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். சுடச்சொல்லி மாஸ்கோ உத்தரவிடவில்லை, அங்கிருந்த தளபதிகளே முடிவெடுத்தார்கள். அதே நாளில் வடதுருவப் பக்கம் போன இன்னொரு யூ-2 வழிதவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. சண்டைக்கு நடுவில் அணுகுண்டு நாட்டின் வானில் உளவு விமானம்! மூன்றாவது, கடலுக்கு அடியில். பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்துகொண்டு, மேலே வரச்சொல்லிப் பயிற்சி வெடிகளைப் போட்டன. உள்ளே வெப்பம் 45 டிகிரிக்கு மேல், காற்று கெட்டுப்போயிருந்தது, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. போர் தொடங்கிவிட்டதா இல்லையா என்றே அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் அணு ஆயுதம் பொருத்திய டார்பிடோ, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு, ஒன்று இருந்தது. கப்பல் தலைவர் சவித்ஸ்கி அதைத் தயார் செய்யச் சொன்னார் என்றும், உடனிருந்த இன்னொரு அதிகாரி வசிலி அர்கிபோவ் அவரைச் சமாதானப்படுத்தினார் என்றும் கப்பலில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். நுணுக்கங்களில் ஆளுக்கு ஆள் கதை மாறுகிறது. டார்பிடோ இருந்ததிலும் அதைப் பற்றி அமெரிக்கர்களுக்குத் தெரியாததிலும் சந்தேகமில்லை.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம் ஒன்று. "இப்படி வெடி போட்டால் அது தாக்குதல் இல்லை, மேலே வா என்று அர்த்தம்" என்று அமெரிக்கா இரண்டு மூன்று நாள் முன்பே மாஸ்கோவுக்கு முறைப்படி தெரிவித்திருந்தது. அந்தத் தகவல் நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. கடிதம் போனது, தபால் பெட்டியிலேயே கிடந்தது என்பதுபோல.

தலைவர்களுக்கு இடையிலான தொடர்பும் அதே லட்சணம்தான். குருஷ்சேவ் 26ஆம் தேதி எழுதிய நீண்ட கடிதம் வாஷிங்டனில் முழுதாக வந்துசேர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. போர் என்ற முடிச்சை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டே போனால், அப்புறம் முடிச்சுப் போட்டவனாலேயே அவிழ்க்க முடியாது என்று அவர் எழுதியது அதில்தான். சோவியத் தூதர் தோப்ரினின் தன் சங்கேதத் தந்திகளை மாஸ்கோவுக்கு அனுப்பியது எப்படித் தெரியுமா? தனியார் தந்தி கம்பெனிப் பையன் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவான். உலகம் எரியுமா பிழைக்குமா என்பது அந்தப் பையன் வழியில் டீ குடிக்க நிற்காமல் போவதில் இருந்தது. கடைசியில் பொறுக்க முடியாமல் குருஷ்சேவ் தன் சம்மதத்தை மாஸ்கோ வானொலியிலேயே வாசிக்கவைத்தார்.

கியூபாவிலிருந்து ஒரு பாடம் மட்டும் நீண்ட காலம் தவறாகவே படிக்கப்பட்டது. கென்னடி முறைத்து நின்றார், குருஷ்சேவ் பணிந்தார் என்பதாக. உண்மையில் 27ஆம் தேதி இரவு அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி தோப்ரினினைத் தனியாகச் சந்தித்து, சோவியத்தைக் குறிவைத்துத் துருக்கியில் இருந்த 15 ஜூபிடர் அணு ஏவுகணைகளை அமெரிக்கா சில மாதங்களில் எடுத்துவிடும், ஆனால் வெளியே சொல்லக்கூடாது என்றார். 1963 ஏப்ரலுக்குள் அவை எடுக்கப்பட்டன. பல வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. எதிரி மானத்தோடு பின்வாங்க ஒரு வழி விடாமல் இப்படிப்பட்ட நெருக்கடி முடிவது கடினம்.

ஐ.நா.வைப் பற்றிக் கேட்டீர்கள். ஐந்து வல்லரசுகளில் ஒன்று சம்பந்தப்பட்டால் பாதுகாப்புச் சபையால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டோ, அதாவது ஐந்தில் ஒருவர் மறுத்தாலே தீர்மானம் விழுந்துவிடும் அதிகாரம், இருப்பதே அதற்குத்தான், அது ஓட்டை இல்லை, வடிவமைப்பே அப்படி. ஆனால் 1962இல் பர்மாக்காரரான ஊ தாண்ட், அப்போது தற்காலிகப் பொதுச்செயலாளர், இரண்டு தரப்புக்கும் ஒரே வாசகத்தில் வேண்டுகோள் அனுப்பினார். கென்னடி சொன்னால் கேட்க முடியாத ஒன்றை ஊ தாண்ட் சொன்னார் என்று சொல்லி குருஷ்சேவ் தன் கப்பல்களை நிறுத்திவைக்க முடிந்தது. பஞ்சாயத்துக்காரர் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை, பின்வாங்குகிறவன் சாய்ந்துகொள்ளத் திண்ணையாக இருந்தாலே போதும் என்கிற அளவில் ஐ.நா. பயன்படுகிறது.

சரி, பயந்தவர்கள் என்ன கட்டினார்கள்? முதலில் நேரடித் தொடர்பு. 1963 ஜூன் 20 ஒப்பந்தம், ஆகஸ்ட் 30 முதல் பயன்பாடு. சிவப்பு நிறத் தொலைபேசி என்பது சினிமா. உண்மையில் அது தட்டச்சு செய்து அனுப்பும் தொலைஅச்சு எந்திரம். வாஷிங்டன், லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, மாஸ்கோ என்று கம்பி போனது. அமெரிக்கர் ஆங்கிலத்தில் அனுப்புவார், ரஷ்யர் ரஷ்ய மொழியில் அனுப்புவார், மொழிபெயர்ப்பது வாங்குகிறவர் வேலை. குரல் வேண்டாம், எழுத்து போதும் என்று வேண்டுமென்றே வைத்தார்கள். கோபத்தில் வாய் தவறும், எழுதும்போது நாலு பேர் படித்துப் பார்ப்பார்கள், யோசிக்க ஐந்து நிமிடமாவது கிடைக்கும்.

1967 ஜூன் 5, அரபு-இஸ்ரேல் போர் தொடங்கிய அன்று காலை, அது முதன்முதலாக நெருக்கடியில் பயன்பட்டது. சோவியத் பிரதமர் கோசிகின் தொடர்பில் இருக்கிறார் என்று பென்டகனில் பணியில் இருந்தவர் பாதுகாப்புச் செயலர் மக்னமாராவை அழைத்திருக்கிறார். "அதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள்?" என்று அவர் கேட்க, கம்பி பென்டகனோடு முடிகிறது, வெள்ளை மாளிகைக்குப் போகவில்லை என்று தெரிந்ததாம். நாலு வருடமாக யாரும் யோசிக்கவில்லை! மூன்று நாள் கழித்து அமெரிக்காவின் லிபர்ட்டி கப்பலை இஸ்ரேல் தாக்கி 34 பேர் இறந்தபோது, எங்கள் விமானங்கள் அந்தப் பக்கம் பறப்பது அதைப் பார்க்கத்தான், போரில் இறங்க அல்ல என்று அதிபர் ஜான்சன் இந்த வழியாகத்தான் மாஸ்கோவுக்குச் சொன்னார். ஒரு தவறான புரிதல் முளைக்கும் முன்பே போனது.

ஆனால் என்னைக் கேட்டால், பனிப்போர் ஏற்பாடுகளிலேயே உருப்படியானது இதைவிடப் பிரபலம் குறைந்த இன்னொன்று. 1972 மே 25 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான கடல் சம்பவங்கள் ஒப்பந்தம். அதே வாரத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் கையெழுத்திட்ட பெரிய அணு ஆயுத உடன்படிக்கைகளின் நிழலில் இது மறைந்துபோனது.

அதற்கு முன்பு கடலில் நடந்ததைப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சைக்கிளில் முட்டிக்கொள்வதுபோல இருக்கும். ஒருவர் கப்பலின் முன்னால் இன்னொருவர் குறுக்கே வெட்டிப் போவார். பீரங்கியைத் திருப்பிக் குறிபார்ப்பார்கள். இரவில் எதிர்க்கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் கண்ணில் தேடுவிளக்கை அடிப்பார்கள். 1967 மே மாதம் ஜப்பான் கடலில் அமெரிக்காவின் வாக்கர் கப்பலோடு அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு முறை சோவியத் கப்பல்கள் உரசின. அடுத்த வருடம் நார்வே கடலில் எசெக்ஸ் விமானந்தாங்கிக் கப்பலுக்கு அருகே தாழப் பறந்த சோவியத் குண்டுவீச்சு விமானம் கடலில் விழுந்து அதில் இருந்தவர்கள் இறந்தார்கள். 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது எண்டர்பிரைஸ் கப்பல் தலைமையில் அமெரிக்கப் படை வங்கக் கடலுக்கு வந்ததும், அதன் பின்னாலேயே சோவியத் கப்பல்கள் வந்ததும் நம் ஆட்களுக்கு நினைவிருக்கும். நம் வாசலில் நடந்த அந்த விளையாட்டும் இதே வகைதான்.

ஒப்பந்தத்தில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. அடுத்தவர் கப்பலைக் குறிபார்க்காதே. கண்ணில் விளக்கடிக்காதே. விமானம் ஏற்றி இறக்கும் கப்பலின் வழியில் குறுக்கே போகாதே. என்ன செய்யப்போகிறாய் என்பதைக் கொடிச் சமிக்ஞையில் முன்கூட்டிச் சொல். ஆபத்தான பயிற்சி நடத்தினால் முன்னறிவிப்புக் கொடு. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கடற்படைகளின் அதிகாரிகளும் நேரில் உட்கார்ந்து, "போன வருடம் இந்தத் தேதியில் உன் கப்பல் இப்படி நடந்துகொண்டது" என்று படங்களோடு பேசவேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடுதான் உயிர். பத்திரிகையாளர்கள் இல்லை, முன்னால் நின்று பேசுவது கடலில் பிழைப்பு நடத்துகிறவர்கள்தான். அமெரிக்கா சார்பில் கையெழுத்திட்டவர் கடற்படைச் செயலர் ஜான் வார்னர், சோவியத் சார்பில் கடற்படைத் தலைவர் செர்கெய் கோர்ஷ்கோவ். எண்பதுகளின் தொடக்கத்தில் மற்ற பல பேச்சுகள் நின்றபோதும் இந்த வருடாந்தரக் கூட்டம் நடந்தது.

எல்லாவற்றையும் இது தடுத்துவிடவில்லை. 1988 பிப்ரவரியில் கருங்கடலில் இரண்டு அமெரிக்கக் கப்பல்களைச் சோவியத் கப்பல்கள் வேண்டுமென்றே இடித்தன. இடிக்க முடிவு செய்தவனை எந்த ஒப்பந்தமும் நிறுத்தாது. தவறுதலாக இடிபடுவதைக் குறைக்கும். வேண்டுமென்றே இடித்தால், தவறுதலாக நடந்ததா என்ற குழப்பமாவது இருக்காது.

1983ஐயும் சொல்லவேண்டும். செப்டம்பர் 1 அன்று வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர்விமானம் வீழ்த்தி 269 பேர் இறந்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி, மாஸ்கோவுக்குத் தெற்கே இருந்த எச்சரிக்கை மையத்தில் கணினி ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் காட்டியது. பணியில் இருந்த ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ், போர் தொடுப்பவன் ஐந்தே ஐந்தையா அனுப்புவான் என்று யோசித்து அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகப் படித்திருந்தது. நீங்கள் சொன்ன அதிர்ஷ்டம் என்பது இதுதான். அதே வருடம் நவம்பரில் அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணி நடத்திய ஏபிள் ஆர்ச்சர் பயிற்சியை மாஸ்கோ உண்மைத் தாக்குதலுக்கான முன்னேற்பாடோ என்று சந்தேகித்தது. அது எவ்வளவு தூரம் போனது என்று வரலாற்றாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அமெரிக்க அதிபர் ரீகனை அது உலுக்கியது என்பதில் சண்டை இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் 1987 டிசம்பர் 8 அன்று ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட நடுத்தரத் தூர ஏவுகணை ஒப்பந்தம். 1991க்குள் மொத்தம் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. 846 அமெரிக்காவுடையவை, 1,846 சோவியத்துடையவை. எண்ணிக்கையைவிட எனக்குப் பிடித்தது சோதனை முறை. ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்கள் வீடு கட்டிக் குடியிருந்து, வெளியே போகும் பெரிய சரக்கையெல்லாம் பார்த்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சோவியத் ஆய்வாளர்கள் அதையே செய்தார்கள். ரீகன் ஒரு ரஷ்யப் பழமொழியைக் கற்றுக்கொண்டு, நம்பு ஆனால் சரிபார் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். உண்மையில் சரிபார்க்க முடிந்தால் நம்பவே தேவையில்லை. 1986இல் உலகில் ஏறக்குறைய 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன, இன்று 12,000 சொச்சம்.

இப்போது வருத்தமான பகுதி, சுருக்கமாகவே சொல்கிறேன். ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்திலிருந்து 2002இல் அமெரிக்கா வெளியேறியது. ரஷ்யா மீறியதாகச் சொல்லி 2019இல் நடுத்தரத் தூர ஏவுகணை ஒப்பந்தத்தையும் விட்டது. ஒருவர் வானில் மற்றவர் கண்காணிப்பு விமானம் பறக்க அனுமதித்த திறந்த வான்வெளி ஒப்பந்தத்திலிருந்து 2020இல் அமெரிக்காவும் 2021இல் ரஷ்யாவும் போயின. நிலைநிறுத்திய நீண்டதூர அணு ஆயுதங்களுக்கு ஆளுக்கு 1,550 என்று வரம்பு வைத்த புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் தன் பங்கை ரஷ்யா 2023 பிப்ரவரியில் நிறுத்திவைத்தது. அதன் காலமும் 2026 பிப்ரவரி 5 அன்று முடிந்தது. பயந்த தலைமுறை கட்டியதை, பயம் மறந்த தலைமுறை கழற்றிப் போட்டுவிட்டது. யார் பக்கம் அதிகத் தப்பு என்று கேட்டால் வருடத்துக்கு வருடம் பதில் மாறும்.

சீனாவுக்கு வருவோம். இங்கே பிரச்சினை கம்பி இல்லாதது அல்ல. 1998இலேயே அதிபர்களுக்கு இடையே நேரடித் தொடர்புக்கு ஒப்புக்கொண்டார்கள், 2008இல் ராணுவங்களுக்கு இடையிலும் வந்தது. எடுக்க ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. 2001 ஏப்ரல் 1 அன்று ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர்விமானமும் மோதி சீன விமானி இறந்தார். அமெரிக்க விமானம் அனுமதியின்றி ஹைனானில் இறங்க, அதிலிருந்த 24 பேரை 11 நாள் வைத்திருந்தார்கள். முதல் சில மணி நேரம் அமெரிக்கத் தூதர் அழைத்த அழைப்புகளுக்குப் பதிலே இல்லை. 2022 ஆகஸ்ட்டில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் நான்சி பெலோசி தைவானுக்குப் போனதும் பெய்ஜிங் முதலில் ரத்து செய்தது ராணுவத் தளபதிகளின் பேச்சையும் கடல் பாதுகாப்புக் கூட்டத்தையும். 2023 பிப்ரவரியில் சீன பலூனை அமெரிக்கா சுட்டபோதும் பாதுகாப்பு அமைச்சரின் அழைப்பைச் சீனத் தரப்பு ஏற்கவில்லை.

பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது, அதற்குள் ஒரு வாதம் இருக்கிறது. கண்டபடி வேகமாக ஓட்டுகிறவனுக்கு சீட் பெல்ட் கொடுத்தால் இன்னும் வேகமாகத்தான் ஓட்டுவான் என்பார்கள் சீனர்கள். எங்கள் கரையோரம் வந்து உளவு பார்ப்பதே தப்பு, அதைப் பத்திரமாகச் செய்ய நாங்கள் ஏன் உதவவேண்டும்? பலவீனமான தரப்புக்கு இது நியாயமான கணக்கு. ஆபத்து இருந்தால்தான் வலுத்தவன் தயங்குவான்.

சோவியத்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. அமெரிக்கக் கடற்படை 1968இலேயே பேச அழைத்தது, மாஸ்கோ சம்மதித்தது 1970 இறுதியில். இடையில் என்ன மாறியது? கோர்ஷ்கோவின் கடற்படை கரையைக் காக்கும் படையிலிருந்து உலகக் கடல்களில் திரியும் படையாக வளர்ந்துவிட்டது. இழக்கத் தனக்கும் விலையுயர்ந்த கப்பல்கள் இருக்கும்போதுதான் சாலைவிதி தேவைப்படுகிறது. சீனக் கடற்படை இப்போது அதே இடத்தில் இருக்கிறது. அதன் கப்பல்கள் அலாஸ்காவின் அலூஷன் தீவுகள் வரைக்கும் போய்வருகின்றன, அமெரிக்கக் கரையை ஒட்டிய பொருளாதாரக் கடல் மண்டலத்துக்குள்ளேயே. தென்சீனக் கடலில் மற்றவர் செய்யக்கூடாது என்பதைத் தானே வேறு இடத்தில் செய்கிறது. இந்த முரண்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது.

விதி இருந்தால் மோசமான நாளிலும் பயன்படும் என்பதற்கு நம் எல்லையே உதாரணம். இந்தியாவும் சீனாவும் 1996இல் செய்த ஒப்பந்தப்படி, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 2020 ஜூன் 15 அன்று கல்வானில் 20 இந்திய வீரர்கள் உயிர்விட்ட சண்டை கல்லாலும் கட்டையாலும் நடந்தது, துப்பாக்கி வெடிக்கவில்லை. கொடூரம்தான். ஆனால் இரண்டு அணு ஆயுத நாடுகளின் பீரங்கிகள் அன்றிரவு பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தகவல் கடைசி ஆளைச் சேராத அந்தப் பழைய வியாதியும் தீரவில்லை. 1995 ஜனவரி 25 அன்று நார்வே வடதுருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டது. ரஷ்யாவுக்கு முன்பே சொல்லியும் இருந்தது. அந்தச் செய்தி ரேடார் முன் உட்கார்ந்திருந்தவருக்குப் போகவில்லை. விஷயம் ரஷ்ய அதிபர் எல்ட்சின் முன்னால் அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடும் பெட்டியைத் திறந்து வைக்கும்வரை போனது. பனிப்போர் முடிந்து நாலு வருடம் கழித்து! 2024 நவம்பரில் லிமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுதம் பயன்படுத்தும் முடிவை மனிதர்தான் எடுக்கவேண்டும், செயற்கை நுண்ணறிவு அல்ல என்று ஒத்துக்கொண்டதை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். பெத்ரோவின் நாற்காலியில் எந்திரம் இருந்திருந்தால் ஐந்து என்ற எண்ணைப் பார்த்து அதற்குச் சந்தேகம் வந்திருக்குமா?

ஆகவே அடுத்த முறை உச்சிமாநாட்டுச் செய்தி வந்தால் கைகுலுக்கும் படத்தில் நிற்காதீர்கள். கீழே எங்காவது ஒரு மூலையில், பசிபிக் கடற்படை அதிகாரிகள் சந்தித்தார்களா, போர்முனைத் தளபதிகள் பேசிக்கொண்டார்களா என்று தேடுங்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் இந்தோ-பசிபிக் தளபதியும் சீனாவின் தெற்குப் போர்முனைத் தளபதியும் காணொளியில் பேசியபோது அது ஒருநாள் செய்தியாகக்கூட நிற்கவில்லை. எனக்கு அந்த மாதத்தில் கிடைத்த நல்ல செய்தி அதுதான்.